பலி நீங்கினால் மட்டும் போதுமா?

அய்யா துணை

கீழே விழுந்து கிடப்பவரைக் கைதூக்கிக் காப்பதே தர்மம் என்பது அய்யா வைகுண்டர் அருளிய போதனையின் வேர். பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் ஏடு வாசிக்கும் நாட்களில் இதைக் கேட்காத அன்பர் இருக்க முடியாது. அய்யாவின் காலத்தில் கீழே கிடந்தவர் யார் என்பதும் எல்லோரும் அறிந்ததே. தலைக்கு வரி, ஏறுகிற பனைக்கு வரி, மேலாடைக்குத் தடை, கூலியில்லாத ஊழியம் என்று நீசனின் ஆட்சி அழுத்தி வைத்த மக்களை அய்யா தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் செய்தார்.

அந்தப் போதனை மனிதரோடு நின்றுவிடுகிறதா, வாய்விட்டு முறையிட முடியாத உயிர்களையும் சேர்த்துக்கொள்கிறதா என்பதே இந்தப் பாடத்தின் கேள்வி.

கேள்விக்கான முதல் விடை வழிபாட்டிலேயே இருக்கிறது. ஆடு, கோழி, பன்றி என்று உயிரை வெட்டி இரத்தம் காட்டிய வழிபாட்டை அய்யா அடியோடு விலக்கினார். தாங்கலில் கண்ணாடியும் விளக்கும் உண்டு; பூவும் பழமும் வெற்றிலை பாக்கும் உண்டு; கத்தி இல்லை. துவையல் தவசுக்குச் சென்ற எழுநூறு குடும்பத்தாரும் மச்சம் மாமிசம் நீக்கியே கடற்கரையில் தவம் இருந்தார்கள். அகிலத்திரட்டு அம்மானை எழுதப்பட்டது 1841ஆம் ஆண்டில். கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுத்துச் சென்னை மாகாண அரசு சட்டம் இயற்றியதோ 1950இல். அந்தச் சட்டமும் அரை நூற்றாண்டு ஏட்டிலேயே உறங்கியது. 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவு வந்தபோது எதிர்ப்பு எழுந்து, 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. ஆணையிட்டு நிறுத்த முடியாத ஒன்றை, எந்தக் காவலரும் இல்லாமல், ஒரு மக்கள் கூட்டம் தானாகக் கைவிட்டு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன. இது சிறிய செய்தி அல்ல.

சுவாமிதோப்பில் கொடியேற்றுத் திருநாளின் எட்டாம் நாளில் நடக்கும் கலிவேட்டையையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். வெள்ளைக் குதிரை வாகனத்தில் அய்யா முத்திரிக்கிணற்றங்கரைக்கு எழுந்தருளி வேட்டையாடுகிறார். வேட்டை என்றால் மானோ முயலோ பன்றியோ விழ வேண்டும் என்பது உலக வழக்கம். இந்த வேட்டையில் விழுவது கலி ஒன்றுதான். ஓர் உயிரும் சாகாத வேட்டை அது.

கூண்டுக்குள் இருந்த இரண்டாவது கைதி

அய்யாவைச் சிறையில் அடைத்த மன்னன், அவருடைய தெய்வத் தன்மையைச் சோதிக்கப் புலிக்கூண்டில் விடச் செய்த வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். புலி பாயவில்லை, அய்யாவின் முன் பணிந்து கிடந்தது. அய்யாவின் மகிமையைச் சொல்லவே இந்த நிகழ்ச்சி எப்போதும் எடுத்துரைக்கப்படுகிறது. அது சரியே. ஆனால் ஒருமுறை அந்தப் புலியின் பக்கம் நின்றும் இதைக் கேட்க வேண்டும்.

காட்டில் தன் போக்கில் திரிந்த உயிர் அது. ஒரு மனிதரைக் கொல்வதற்கான கருவியாக்க அதைப் பிடித்து வந்தார்கள், கூண்டில் அடைத்தார்கள். பணிந்து கிடந்த புலியைச் சீற வைக்க ஒரு சேவகன் ஈட்டியால் குத்தினான். புலி ஈட்டி முனையைக் கவ்வியது. அவன் பிடித்து இழுக்க, புலி பிடியை விட, பின்னால் நின்ற ஒருவர் மேல் ஈட்டியின் மறுமுனை பாய்ந்து அவர் மாண்டார் என்பது வரலாறு. குத்தியவன் கையிலிருந்த ஈட்டியே அவன் கூட்டத்துக்கு எமனானது.

அந்தக் கூண்டுக்குள் இருந்த இருவருமே கைதிகள். இருவரையும் அடைத்தது ஒரே கை. அய்யாவுக்குப் புலியிடம் பகை இல்லை. புலிக்கும் அய்யாவிடம் பகை இல்லை. மனிதரைத் தாழ்த்திய ஆணவம் வேறு, விலங்கை வதைத்த ஆணவம் வேறு என்று அங்கே பிரித்துக் காட்ட முடியாது. இதை ஏற்றுக்கொண்டால் வாயில்லா உயிரும் அய்யாவின் தர்மத்துக்குள் வந்துவிடுகிறது.

இங்கே ஓர் அன்பர் கேட்கலாம்: நாங்கள் பலியிடுவதில்லை, பலர் புலாலும் உண்பதில்லை, இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல, தெற்கிலிருந்து பிழைப்புக்காக வந்த அன்புக்கொடி மக்கள் பலர் கடை வைத்தும் வீடு கட்டியும் வாழ்கிற செங்கல்பட்டுக் கடற்கரைக்குப் போக வேண்டும். கோவளத்திலிருந்து நெம்மேலி, பட்டிப்புலம், மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் மணல் அது.

மாசி மாதத்தில் கரையேறுவது

கொல்லம் ஆண்டு 1008, மாசி 20. அதாவது 1833. திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராக எழுந்தருளிய நாள். மூன்று நாள் கரையில் காத்துக் கிடந்த தாயின் கண்முன் கடல் வழிவிட்டது. ஆகவே மாசி மாதக் கடற்கரை அன்பர்களுக்கு வெறும் மணல் அல்ல.

அதே தை, மாசி, பங்குனி மாதங்களில் சென்னை முதல் மாமல்லபுரத்துக்கும் அப்பால் வரை நீளும் கரையில் இன்னொரு வருகையும் நடக்கிறது. சிற்றாமை என்றும், வரும் மாதத்தை வைத்துப் பங்குனி ஆமை என்றும் மீனவர் சொல்லும் கடலாமை இரவில் கரையேறுகிறது. நாற்பது கிலோ அளவு எடை. கடலில் இலகுவாக நீந்தும் அந்த உடலை மணலில் துடுப்புகளால் இழுத்து இழுத்துத்தான் நகர்த்த வேண்டும். அலை எட்டாத மேட்டுக்கு வந்ததும் பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்தில் குடம் போன்ற குழி பறித்து நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். மணலை மூடி, தன் உடலாலேயே அதைத் தட்டிச் சமன் செய்துவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். முட்டையிடும்போது அதன் கண்ணிலிருந்து நீர் வழிவதைக் கண்டவர்கள் ஆமை அழுகிறது என்பார்கள். உண்மையில் அது உடலில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் வழி. பார்ப்பவர் மனம் இளகுவதும் பொய் அல்லவே.

ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் மணலைத் துளைத்து வெளிவரும். தாயும் இல்லை, வழி சொல்ல ஆளும் இல்லை. இரவில் வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கமே கடல் என்பது அவற்றுக்குப் பிறவியிலேயே தெரிந்த பாடம். விண்மீனும் நிலவும் நீரில் பட்டுத் தெரியும் மங்கிய ஒளியை நோக்கி ஓடும். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்த ஆமையாகும் என்பார்கள். அப்படிப் பிழைத்த பெண் ஆமை, ஆண்டுகள் பல கழித்துத் தான் பிறந்த கரையை ஒட்டியே மீண்டும் முட்டையிட வரும்.

இந்தக் கரையில் இப்போது இரவே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை, விடுதிகள், உணவகங்கள், கடைகள், வீட்டு மாடிகள் என எல்லாப் பக்கமும் விளக்கு. குஞ்சுகள் கடலுக்கு முதுகு காட்டிச் சாலையை நோக்கி ஓடுகின்றன. வண்டிச் சக்கரத்திலும் நாய் வாயிலும் மறுநாள் வெயிலிலும் மடிகின்றன. விளக்கைப் போட்டவர் யாருக்கும் ஆமை மேல் பகை கிடையாது. அவர்களில் பாதிப்பேர் ஆமையைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

பகை உள்ளவனால் சாவது குறைவு. பாராமுகமாக இருப்பவனால் சாவது அதிகம். பலிபீடத்தில் கொல்பவனாவது தான் ஓர் உயிரைக் கொல்கிறோம் என்று அறிந்து கொல்கிறான். கவனமில்லாதவனுக்கு அந்த அறிவும் இல்லை.

ஊரில் ஒரு பழமொழி உண்டு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதாம். ஆமை என்றால் கல்லாமை, இல்லாமை, பொறாமை என்று விளக்கம் சொல்லி உயிருள்ள ஆமையை விடுவிக்கப் பார்த்த பெரியோர்களும் உண்டு. விளக்கம் எதுவானாலும், தரித்திரத்தைச் சுமக்கும் பிராணி என்று ஓர் உயிரின் மேல் பழி போட்டு அதை விரட்டுவது, பேய்க்கும் சகுனத்துக்கும் அஞ்சி நடுங்கிய பழைய கலிமாயையின் மிச்சமே. அந்த அச்சத்தைத்தான் அய்யா ஒழித்தார்.

2025 தைமாதம்

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் காலையில் நடக்கச் சென்றவர்கள் கண்டது இதுவரை காணாத காட்சி. அலை ஒதுக்கிய ஆமை உடல்கள். ஒன்றிரண்டு அல்ல, சில வாரங்களில் ஆயிரத்துக்கும் மேல். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. நீரிலேயே வாழும் பிராணி நீரில் மூழ்கி மூச்சுத் திணறிச் செத்திருந்தது.

கடலாமைக்குச் செவுள் கிடையாது. அது மனிதரைப் போல நுரையீரலால் மூச்சு விடும் உயிர். ஓய்ந்து கிடக்கும்போது நெடுநேரம் மூச்சடக்கும். ஆனால் வலையில் சிக்கிப் போராடும்போது உள்ளிருக்கும் காற்று விரைவில் தீர்ந்துவிடும். விசைப்படகின் இழுவை வலை சில மணி நேரம் கடலடியில் இழுபடும். அதற்குள் புகுந்த ஆமைக்கு மேலே வர வழியில்லை. கரையை ஒட்டி ஆமைகள் கூடும் மாதத்தில், கரையை ஒட்டியே இழுவை வலை போட்டதுதான் இந்தச் சாவுகளுக்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, யாரும் மனுக் கொடுப்பதற்குக் காத்திராமல் தானே இதை வழக்காக எடுத்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமை முதல் பட்டியலில், புலியோடும் யானையோடும் ஒரே வரிசையில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள், அதாவது சுமார் ஒன்பது கிலோமீட்டருக்குள், மீன் பிடிக்கக் கூடாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் தடைக்காலமும் உண்டு. ஆனால் அந்தத் தடை மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்தது. ஆமை வரும் மாதங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. ஆகவே ஆமைக்குக் காவலாக இருப்பது அந்த ஐந்து மைல் எல்லை ஒன்றே.

வலையிலேயே செய்யக்கூடிய மாற்றமும் ஒன்று உண்டு. ஆமை விலகுகருவி என்பார்கள். வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். மீனும் இறாலும் கம்பி இடைவெளி வழியாக உள்ளே போய்விடும். ஆமை கம்பியில் முட்டி மேலேயுள்ள வாயில் வழியாக வெளியேறிவிடும். இதன் மூல வடிவத்தைச் செய்தவர் ஆய்வுக்கூடத்து அறிஞர் அல்ல. வலையில் சேரும் சொறிமீன் தொல்லை தாங்காத அமெரிக்க இறால் மீனவர் ஒருவர். கருவி வைத்தால் மீனும் தப்பும் என்று இங்கே படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். மறுபக்கத்தில், ஆமைக்கு வழிவிடாத வலையில் பிடித்த கடல் இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 2019இல் இந்திய இறாலை நிறுத்திவிட்டது. ஆமைக்குக் கதவு திறக்காததால் இறாலுக்குச் சந்தை மூடியது.

நீசன் என்று யாரைச் சொல்வது?

இந்தச் செய்தியைப் படித்ததும் மீனவர்கள் மேல் கோபம் கொள்வது எளிது. அது தவறான இடத்தில் விழும் கோபம். கடற்கரையில் கட்டுமரத்திலும் சிறு படகிலும் பிழைக்கிறவர்களும் இதே இழுவை வலையால் மீன்வளம் இழந்தவர்கள். ஐந்து மைல் எல்லையே அவர்களுடைய பிழைப்பைக் காக்கவும்தான் வைக்கப்பட்டது. தம் வலையில் ஆமை சிக்கினால், வலை போனாலும் பரவாயில்லை என்று அறுத்து விடுகிறவர்களும் அவர்களில் உண்டு. 2002இல் தொடங்கப்பட்ட ட்ரீ அறக்கட்டளை இந்தக் கரையின் மீனவ இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாக ஆக்கியிருக்கிறது. இரவில் தடம் தேடி நடப்பதும், கூட்டைக் காப்பதும், குஞ்சு பொரித்ததும் கடலில் விடுவதும் அவர்கள் வேலை. சென்னையில் 1970களிலேயே பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய ஆமை நடையை, 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு விடாமல் நடத்தி வருகிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் அமைக்கிறது.

உயிரைக் காக்கிறேன் என்று சொல்லி ஏழையின் கஞ்சிக் கலயத்தை உடைப்பது அய்யாவின் தர்மம் ஆகாது. இதற்கு இந்த மாவட்டத்திலேயே, மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள வடநெம்மேலியில், ஒரு நல்ல சான்று இருக்கிறது.

இருளர் மக்கள் பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள். ஒரு காலத்தில் அவர்கள் பிடித்த பாம்புகள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. வெளிநாட்டுச் சீமாட்டிகளின் கைப்பைக்கும் செருப்புக்கும் அந்தத் தோல் போயிற்று. இலாபம் வியாபாரிக்கு, சில்லறை இருளருக்கு. 1972ஆம் ஆண்டுச் சட்டமும், 1976இல் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அந்த வியாபாரத்தை நிறுத்தின. பாம்புக்கு அது விடுதலை. இருளர் வீட்டில் அடுப்பு அணைந்தது.

சட்டம் போட்டவர்கள் அத்தோடு போய்விட்டார்கள். ஆனால் சென்னைப் பாம்புப் பண்ணையையும், 1976இல் வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர் இருளரோடு சேர்ந்து வேறு வழி தேடினார். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வருகிறார்கள். மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, சுமார் மூன்று வாரம் பாதுகாக்கிறார்கள். அந்த நாட்களில் நான்கு முறை நஞ்சு எடுக்கப்படுகிறது. பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கையில் அகப்பட்டால் பிடிப்பதில்லை. இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது.

எண்ணிப் பார்த்தால் எத்தனை உயிர் இதில் பிழைக்கிறது! பாம்பு பிழைக்கிறது, இருளர் குடும்பம் பிழைக்கிறது, எங்கோ வரப்பில் கடிபட்ட உழவன் பிழைக்கிறான். இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தாழ்த்தி வைக்கப்பட்ட மனிதரையும் வெறுத்து ஒதுக்கப்பட்ட உயிரையும் ஒன்றாகத் தாங்கிய ஏற்பாடு இது. தர்மம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருள் இந்த மாவட்டத்தில் தேடினாலும் கிடைப்பது அரிது.

தாங்கல் என்ற சொல்

தென்னாட்டிலிருந்து வந்த அன்பர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். அவர்களுக்குத் தாங்கல் என்றால் நிழல்தாங்கல்; அய்யாவின் பெயரால் நிழலும் அன்னமும் தரும் இடம். செங்கல்பட்டுப் பக்கம் தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஒன்று மனிதரைத் தாங்குகிறது. மற்றது மழைநீரைத் தாங்குகிறது. இந்த இரண்டு பொருளும் ஒன்றுசேர்ந்த ஊர் வேடந்தாங்கல்.

ஊர்ப்பெயரில் வேடன் இருக்கிறான். ஆனால் அங்கே வேட்டை இல்லை. நத்தை குத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் கார்காலத்தில் வந்து ஏரியின் கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் பாயும் வயலுக்கு அதுவே உரம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட வந்தபோது ஊரார் எதிர்த்து நின்று முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். அய்யா அவதரிப்பதற்கும் முந்திய செய்தி இது. படிப்பறிவு பெரிதாக இல்லாத உழவர்கள், அதிகாரத்தில் இருந்தவனிடம் பறவைக்காகப் போய் நின்றிருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும் அந்த ஊர் வழக்கம். பிள்ளைகளுக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும். இருந்தும் வழக்கம் நிற்கிறது.

தாங்கல் முற்றத்தில்

கடலையும் ஏரியையும் விட்டு இனித் தாங்கலின் முற்றத்துக்கே வரலாம். மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபப் பாறையில் ஒரு சிற்பம் உண்டு. ஒருவர் பால் கறக்கிறார். பசு தன் கன்றை நாவால் நக்கிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன் எந்தச் சிற்பியோ மாட்டுக்கொட்டிலில் நின்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. அந்தப் பாறைக்கு எதிர்த் தெருக்களிலேயே இன்று உயிருள்ள பசு குப்பைமேட்டில் பாலித்தீன் பையை மெல்லுகிறது. காலையில் கறந்துவிட்டு அவிழ்த்து விட்டவர் மாலையில் மறுபடி கறக்கத்தான் தேடுவார். 2019இல் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து அறுவை செய்து எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ. அதற்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த 52 கிலோவும் யாரோ ஒருவர் கட்டி எறிந்ததல்ல. நூறு பேர் வீட்டு வாசலில் மிஞ்சிய சோற்றை முடிச்சுப் போட்டு எறிந்தது.

அன்னதர்மம் நடக்கும் நாளில் தாங்கலின் பின்புறத்தைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். எச்சில் இலையோடு தண்ணீர்ப் பையும் தேநீர்க் குவளையும் சேர்ந்து கிடந்தால், மாடு இலையை மட்டும் பிரித்துத் தின்னாது. இலையைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் போட இரண்டு கூடை வைத்தால் முடிந்தது. பரிமாறுவதற்கு ஆள் போடுகிற பணிவிடைக் குழுவினர் இதற்கும் ஓர் ஆளைப் போடலாம். பரிமாறுகிறவருக்கு உள்ள அதே மரியாதை அவருக்கும் உண்டு.

உணவும் நீரும் நிழலும் தராமல் விடுவதையும் கொடுமை என்றே சட்டம் சொல்கிறது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடைச் சட்டம் அடிப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. பொறுப்பில் உள்ள உயிருக்குத் தீனி, தண்ணீர், இடம் கொடாமையும், பசியில் வாட விட்டுக் கைவிடுவதும் குற்றமே. திருவான்மியூரில் கலாக்ஷேத்திரத்தை வளர்த்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனியொருவராகக் கொண்டுவந்த முயற்சியிலிருந்தே இச்சட்டம் பிறந்தது. குறை ஒன்று: முதல் முறை குற்றம் செய்தவனுக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அன்று அது பணம். இன்று அந்த ஐம்பது ரூபாய்க்கு ஒரு நேரச் சாப்பாடே அரிது. சட்டத்தை நம்பி மட்டும் இருக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

சாலையில் அடிபட்டுக் கிடக்கும் கன்றையோ நாயையோ கண்டால், ஐயோ பாவம் என்று வண்டியை ஒதுக்கிக்கொண்டு போவதுதான் வழக்கமாக இருக்கிறது. கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். 1959 முதல் சென்னையில் இயங்கும் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளும் உண்டு. உதவி வரும்வரை நிழலுக்கு இழுத்து வைத்துத் தண்ணீர் காட்டுவதும், பின்னால் வரும் வண்டிகளுக்குக் கைகாட்டுவதும் பத்து நிமிட வேலை. கடற்கரையில் சவாரிக் குதிரை மேல் பிள்ளையை ஏற்றி மகிழ்கிறவர், பிள்ளை இறங்கியதும் அந்தக் குதிரைக்கு நிழலும் தண்ணீரும் உண்டா என்று நடத்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். குதிரையை வாகனமாகக் கொண்ட அய்யாவின் பிள்ளைகள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

கரையோரம் கடையோ வீடோ தாங்கலோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி மட்டும் பாக்கி. தை பிறந்தது முதல் சித்திரை கழியும்வரை, கடலைப் பார்த்து எரியும் விளக்கை இரவில் அணைத்து வைக்கலாம். முடியாவிட்டால் கடல் பக்கம் ஒரு தகரத்தை மறைப்பாகக் கட்டலாம். விடியற்காலையில் மணலில் டிராக்டர் சக்கரம் ஓடியது போல ஒரு தடம், அலையிலிருந்து மேட்டுக்கு வந்து திரும்பியிருந்தால் அது ஆமையின் தடம். அதன் மேல் நடக்க வேண்டாம். வனத்துறைக்கோ அந்தக் கரையில் நடக்கும் தன்னார்வலருக்கோ சொல்லி அனுப்ப வேண்டும். நல்லெண்ணத்தோடும் தாமே முட்டையைத் தோண்டி எடுக்கக் கூடாது. முட்டை உள்ளே எப்படிக் கிடந்ததோ அப்படியே எடுத்து அப்படியே வைக்கத் தெரிந்த கை வேண்டும். புரட்டிவிட்டால் உள்ளிருக்கும் கரு இறந்துவிடும். குஞ்சு கடலுக்குப் போகும்போதும் கையில் தூக்கிக்கொண்டு போய் அலையில் விடக் கூடாது. மணலில் அது தானாகவே நடக்க வேண்டும். உடன் நடப்பவர் நாயையும் காக்கையையும் விலக்கி, கைவிளக்கை அணைத்து, அதன் பின்னால் நின்றால் போதும்.

அய்யா உண்டு.